பத்து வருசமா இருக்குதுங்க

உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்டைப் பிடிக்காது. உடம்பு கெட்ட பிறகு ஏஜெண்டைப் பிடித்துவிடும், ஆனால் கம்பெனிக்கு அவனைப் பிடிக்காது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரைச் சுற்றி ஒரு பழைய மொபெட்டில் அலைந்து நான் ஊராருக்குச் சொன்னதெல்லாம் இந்த ஒரு விஷயம்தான். பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க முயன்று, கடைசியில் மூக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நானும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தை நானாகவே படித்துப் புரிந்துகொண்டேன். புரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லப் போனபோதுதான் வேடிக்கை ஆரம்பித்தது.

எருமைக்கு இல்லாத சட்டம்

அப்போது மாட்டுக்கும் நான்தான் பாலிசி போடுவேன். அடையாளத்துக்கு மாட்டின் காதில் ஒரு வில்லை குத்துவோம். அன்னூர்ப் பக்கம் மாராத்தாள் என்ற அம்மாள் தன் எருமைகளுக்கு என்னிடம் போட்டிருந்தார். "உங்களுக்கும் ஒண்ணு போட்டுக்குங்க" என்று சொன்னதும் சட்டென்று இரண்டு காதையும் முந்தானையால் மூடிக்கொண்டார். மனிதர்களுக்கு வில்லை கிடையாது என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் கைநாட்டு வைத்தார்.

மறுவருடம் காய்ச்சல் முற்றி அவரை நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ஒரு முழு நாளாவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால்தான் செலவுப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது பாலிசிச் சட்டம். அம்மாளோ, குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததும் எழுந்து, முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போய், பால் கறந்து ஊற்றிவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். அதற்குள் 'சொல்லாமல் போய்விட்டார்' என்று எழுதிக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பணம் வராது என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நியாயம்தான் கேட்டார்.

"ஏனுங்க, அது எங்கைக்குத்தான் பால் எறக்குமுங்க. நாம ஒரு நாள் பொறுத்துக்கலாம், மடி பொறுக்குமுங்களா? எருமைக்குப் போட்ட பாலிசில இந்த மணிக் கணக்கெல்லாம் இல்லீங்களே!"

நிதானமாகப் பார்த்துக்கலாம்

ரங்கசாமி பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் போர்மேன். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. மனைவி சரோஜினி, கல்யாண வயதில் ஒரே மகள். வேலையில் இருக்கிறவரைக்கும் குடும்பத்தின் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஐம்பத்தெட்டு முடிந்து மாலை போட்டு அனுப்புகிற அன்றோடு அது நின்றுவிடும்.

அவருக்கு நான் விளக்கினேன். புதிதாகப் போடும் பாலிசியில் முதல் வருடம் குடலிறக்கம், கண்புரை மாதிரி சில வியாதிகளுக்குப் பணம் கிடையாது. பாலிசிக்கு முன்பே இருந்த வியாதிக்கு என்றைக்குமே கிடையாது. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், டாக்டர் பரிசோதனையும் கடுமையாகும். ஆகவே வேலையில் இருக்கும்போதே போட்டுவிட்டால், பலன் இல்லாத அந்த முதல் வருடம் கம்பெனியின் நிழலிலேயே கழிந்துவிடும். ஓய்வு பெறும்போது கையில் முழுப் பாலிசி இருக்கும். இதை நான் இத்தனை தெளிவாக யாருக்கும் சொன்னதில்லை. ரங்கசாமி வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார்.

"வேலைல இருக்கீல ஒடம்பு சரியில்லாமப் போறதுக்கே நேரம் இல்லீங்க. ரிட்டயர்டு ஆயிட்டு, அதெல்லாம் நிதானமாப் பாத்துக்கலாமுங்க."

அம்மன் சொன்ன பதில்

சரோஜினி அம்மாளுக்கு என் பேச்சு பிடித்திருந்தது. ஆனாலும் அம்மனைக் கேட்காமல் அவர் எதுவும் செய்ய மாட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சிவப்பு வந்துவிட்டது. பாலிசி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் நேரில் போனேன். "அம்மன் கிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன். "நாங்க ஆஸ்பத்திரில போய்ப் படுக்கற நெலம வருமான்னு கேட்டனுங்க. வராதுன்னு சொல்லிப்போட்டா" என்றார். "நல்ல வாக்குத்தானுங்க. ஆனா பாலிசி போட்டு வெச்சா நல்லதான்னு கேக்கவே இல்லீங்களே?" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கேள்வியை மாற்றினார். வெள்ளை வந்தது. எனக்கு ஆள் அனுப்பினார். நான் படியேறும்போதே சிரித்துக்கொண்டு சொன்னார்:

"அம்மன் சரின்னு சொல்லிப்போட்டா, வாங்கண்ணா. உங்களுக்குக் கமிசன் எவ்வளவுன்னுதான் கேக்காம வந்துட்டனுங்க."

பாஸ், பெயில்

அந்த வயதுக்குக் காப்பீட்டுக் கம்பெனி டாக்டரின் பரிசோதனை உண்டு. சரோஜினி அதைப் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டார். வாரக்கணக்காகப் பாகற்காய். காப்பியில் சர்க்கரை இல்லை. டாக்டர் ரங்கசாமியைப் படுக்கவைத்து, நிற்கவைத்து, அடிவயிற்றில் கைவைத்து இருமச் சொன்னார். வெளியே வந்த ரங்கசாமிக்கு டாக்டர் மேல் நம்பிக்கையே போய்விட்டது. "நல்லா இருமிக் காட்டுனனுங்க, இருமலுக்கு ஒரு மருந்துகூட எழுதலீங்களே" என்றார். குடலிறக்கம் இருந்தால் இருமும்போது தெரிந்துவிடும், அதற்காகத்தான் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

எல்லாம் சரியாக இருந்தது. பிரீமியம் எவ்வளவு என்று சொன்னேன். அவர் முகம் மாறியது.

"பாஸ் பண்ணுனவனுக்கே இத்தனை கட்டச் சொல்றீங்களே, பெயிலானவனுக்கு எவ்வளவுங்க?"

பில் இல்லாத செலவு

கையெழுத்தான அன்று சரோஜினி காப்பி கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். அறை வாடகை வருமா, மருந்து வருமா, ஆபரேஷன் டாக்டர் பீஸ் வருமா? பில் இருந்தால் எல்லாம் வரும் என்றேன். "உங்கூட்ல அம்மணிக்கு எவ்வளவுக்குப் போட்டிருக்கறீங்க?" என்றார். என் மனைவி போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆயிற்று என்றேன். எல்லா வீட்டிலும் யாராவது கேட்கிற கேள்விதான், பதில் எனக்குப் பழகியிருந்தது. வழக்கமாக அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். சரோஜினி திருப்பவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார்.

"அப்ப உங்களுக்கு முடியாமப் போனா, கட்டலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்க ஒரு ஆளையும் உங்க கம்பெனியே அனுப்புமுங்களா?"

வெட்கம்

ரங்கசாமி ஓய்வு பெற்றார். பாலிசியைத் தேதி தவறாமல் புதுப்பித்தார். ஓய்வின்போது வந்த பணத்தில், ஊருக்குள்ளேயே கணபதி என்ற பகுதியில் ஒரு சின்ன வீடு கட்டினார். மிச்சம் மகள் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளையும் அமைந்து, ஆவணியில் நாள் குறித்தார்கள். புது வீட்டில் தண்ணீர்த் தொட்டியை நகர்த்தும்போது அடிவயிற்றில் சுருக்கென்றது. குடலிறக்கம். இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார். அப்போதெல்லாம் நாமே கட்டிவிட்டு, பிறகுதான் பில் அனுப்பிப் பணம் வாங்க வேண்டும். கல்யாணப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டினார்கள். ஆவணிக்குள் திரும்பி வந்துவிடும் என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை நம்பித்தான் எடுத்தார்கள்.

காப்பீட்டுக் கம்பெனி பணம் தர முடியாது என்றது. ஆஸ்பத்திரிக் குறிப்பில், இந்த நோய் பத்து வருடமாக இருப்பதாக நோயாளியே சொன்னார் என்று டாக்டர் எழுதியிருந்தார். அப்படியானால் பாலிசிக்கு முந்திய நோய். ஓடிப்போய் ரங்கசாமியைக் கேட்டேன். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "அது கெடக்குதுங்க, ஒரு பத்து வருசமா" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன்.

"ரெண்டு மாசம்னு சொன்னா, இத்தினிக்கூண்டு வலிக்கா ஓடி வந்தீங்கன்னு டாக்டர் கேவலமா நெனைக்க மாட்டாருங்களா?"

விசாரணை

நான் கிளை மேலாளரிடம் நடையாய் நடந்தேன். ஒருவழியாக விசாரிக்க ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். மெட்ராஸ்காரர், இளைஞர், சிரிக்காதவர். உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்று ரங்கசாமியிடம் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதிகாரி சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"இந்த வீட்ல எவ்ளோ நாளா இருக்கீங்க சார்?"

"அது ஆச்சுதுங்க, ஒரு பத்து வருசமா."

அதிகாரி தலையை உயர்த்தி நிலைப்படியைப் பார்த்தார். குடிபுகுந்தபோது கட்டிய திருஷ்டிப் பூசணிக்காய் இன்னும் வாடாமல் தொங்கியது. என்னால் உட்கார முடியவில்லை.

"கல்யாணம் ஆகி?"

"அதுவும் ஒரு பத்து வருசம் இருக்குமுங்க."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. கரண்டியோடு சரோஜினி வெளியே வந்தார். "ஏனுங்க, பத்து வருசம்னா உள்ள நிக்கற இருவத்தாறு வயசுப் பொண்ணு ஆரு? விருந்துக்கு வந்த ஒறம்பரைப் புள்ளயா?" ரங்கசாமி திகைத்தார். "அட, ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான அம்மணி!" என்றார். அந்த நேரம் பார்த்து நான் பைலை அதிகாரி பக்கம் நகர்த்தி, பாலிசி போட்டபோது கம்பெனி டாக்டர் எழுதியதைக் காட்டினேன்: இருமவைத்துப் பார்த்தேன், குடலிறக்கம் இல்லை. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பூசணிக்காயை ஒரு முறை பார்த்தார். பணம் கொடுக்கலாம் என்று அங்கேயே எழுதினார். வாசல்வரை வந்த என்னிடம், அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்துச் சொன்னார்:

"இவர்கிட்ட டைம் கேட்டாக்கூட பத்துன்னுதான் சொல்வார் போலிருக்கே சார்!"

கல்யாணம்

ஆடி முடிவதற்குள் காசோலை வந்தது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ரங்கசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பொண்ணு எத்தனை வருசமா டீச்சர் வேலைக்குப் போகுதுங்க?" என்று பேச்சுக்கொடுத்தார். ரங்கசாமி வாயைத் திறந்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சரோஜினி வாளியோடு நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"ரசம் விட்டுக்குங்க மாமா. வருசக் கணக்கு எதுன்னாலும் எங்கிட்டக் கேளுங்க, அவருகிட்ட மட்டும் கேட்டுப்போடாதீங்க."

உடம்புக்கு வருகிற நோய்க்கெல்லாம் பாலிசி விற்ற என்னிடம், நம்மவர்கள் வாயில் வருகிற வார்த்தைக்குப் போட மட்டும் கடைசிவரை ஒரு பாலிசியும் இல்லை.