மற்றும் பலர்

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால் மூன்றாம் வகுப்பிலேயே பெரிய பொறுப்புகள் வந்து சேர்ந்தன. பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படித்து அம்மாவை ஏற்றிவிடுவதும், ரேஷன் கடைப் பலகையைப் பார்த்து மண்ணெண்ணெய் உண்டா இல்லையா என்று சொல்வதும் நான்தான். மாமாவின் பிழைப்பைத் தீர்மானிக்கும் வேலையும் ஒரு நாள் என்னிடமே வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பாரிவாக்கத்தில் எங்களோடுதான் இருந்தார். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, பூந்தமல்லிக்கு நடந்து, அங்கிருந்து பஸ் ஏறிக் கோடம்பாக்கம் போவார். படத்தில் கும்பலாக நிற்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுவார்கள். அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை தூக்கினார். அங்கே ஃபோர்மேனிடம் சொல்லி மாமாவுக்கும் ஒரு வேலை கேட்டு வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மாமா ஒரு டெலிவிஷன் நாடகத்தில் நடித்துவிட்டு வந்தார். சினிமா கம்பெனியில் நடக்கும் கூத்துகளைப் பற்றிய சிரிப்பு நாடகம். முடிவில் நடித்தவர்கள் பெயரெல்லாம் போடுவார்கள் என்றார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். பெயர் வந்தால் மாமா கோடம்பாக்கமே போகலாம். வராவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து தொழிற்சாலை. மாமா தலையாட்டிவிட்டார்.

டெலிவிஷன் ஆவடி குவார்ட்டர்ஸில், அந்த ஃபோர்மேன் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலு பேரும் போய்த் தரையில் உட்கார்ந்தோம்.

நாடகத்தில் கதாநாயகன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். தயாரிப்பாளர் தலையிலடித்துக்கொண்டு, கையில் அகப்பட்ட ஒருவனுக்கு கதாநாயகனின் சட்டையை மாட்டி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கவைக்கிறார். வீடே சிரித்தது. அம்மா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

"தோ பாருடி, உங்க மாமா! என் தம்பி முதுகு எனக்குத் தெரியாதா?"

"முதுகைக் காட்டத்தான் இத்தினி நாளா பஸ் ஏறிப் போய்க்கினு இருந்தியா மச்சான்?" என்றார் அப்பா.

திரையில் இருந்த மாமா கடைசிவரை திரும்பவில்லை. தரையில் இருந்த மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, இப்போ பேரு வரும். ஒண்ணையும் உடாம படி."

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பெயர்கள் கீழிருந்து மேலே ஏறின. மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். மாமாவின் பெயர் இல்லை. கடைசியில் இரண்டு சொற்கள் வந்தன. விடாமல் படிக்கச் சொல்லியிருக்கிறாரே என்று அதையும் படித்தேன்: "மற்றும் பலர்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அம்மா விடவில்லை.

"இருய்யா. பலரா? அது யாரு பாப்பா?"

"இன்னும் நெறைய பேருன்னு அர்த்தம்மா."

"அந்த நெறைய பேருல என் தம்பி கீறானா, இல்லியா?"

நான் யோசித்தேன். நடித்தவர்களில் பெயர் சொல்லாமல் விட்டவர்கள்தான் பலர். மாமா நடித்திருக்கிறார். பெயர் சொல்லவில்லை. டீச்சரே வந்து கேட்டாலும் இதற்கு ஒரே விடைதான்.

"கீறாரு" என்றேன்.

திருநெல்வேலிக்காரரான ஃபோர்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ள சொல்லுதது சரிதானவே!"

எழுத்திலேயே இருக்கிறது என்று மகள் சொன்ன பிறகு அப்பா இறங்கி வந்தார். "சரி, போய்க்கோ. அடுத்த தபாவாவது மூஞ்சியைக் காட்டு" என்றார்.

நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். காப்பாற்றப்பட்ட மாமாதான் வழியெல்லாம் தலை குனிந்து வந்தார்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என் பேரை எழுதிக் காட்டு பாப்பா."

"எதுக்கு மாமா?"

"நாடகம் எடுத்த அன்னிக்கு எல்லார் பேரும் எழுதச் சொல்லி ஒரு காயிதம் வந்துச்சு. நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட தள்ளி உட்டுட்டேன்."

தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாரே, எவ்வளவு தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன். நாலே எழுத்துதான் பெயர். எழுதிக் காட்டினேன். மாமா என் பல்பத்தை அழுத்திப் பிடித்து, கொம்பைத் திருப்பிப் போட்டு, அழித்து, மறுபடி எழுதி, புதுப் பல்பத்தைப் பாதியாகக் கரைத்துவிட்டார். ஒருவழியாக நாலு எழுத்தும் ஒழுங்காக நின்றதும், பஸ்ஸுக்கு நேரமாவதைக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு, எச்சில் தொட்டு அழித்தேன்.

"அழிச்சுக்கோ பாப்பா. இனிமே நானே எழுதிக்குவேன்" என்று சிரித்தார்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவதை எழுதிவிட்டு இந்த மனிதர் எதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பல்பம் போன கோபத்தோடு பள்ளிக்கு ஓடினேன்.