நல்லா கீறேன்

அவர் குமணன்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். வேகமாகப் பரவும் அபூர்வப் புற்றுநோய் அவருக்கு. அதற்கான புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்த எங்கள் மருத்துவமனைக்கு வாரா வாரம் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் வருவார். ஆணியில் மாட்டியதுபோல் சட்டை உடம்பில் தொங்கும்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். அதைச் சரிபார்ப்பது என் வேலை. அவர் எல்லா நாளும் எழுதியது ஒரே வரிதான்: "நல்லா கீறேன்."

"வாயெல்லாம் புண்ணா இருக்கே, ஏன் எழுதலை?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"எய்தினா மருந்து பெயிலாயிடும் மேடம். எனக்குப் பின்னாடி வர்றவனுக்கு இன்னா குடுப்பீங்க?"

மறைத்தால்தான் பின்னால் வருகிறவருக்குக் கெடுதல் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். மீதி மாத்திரைகளோடு நோட்டைக் கொண்டுவந்தது அவர் மனைவி. செவ்வாயைத் தாண்டி மாதக் கடைசிவரை அதே வரி இருந்தது.

"கை வராமப் போயிடும்னு மின்னாடியே எய்தி வெச்சிட்டாரு மேடம்."

இறந்த நாளுக்குப் பிந்தைய வரிகளை விதிப்படி கோடு போட்டு அடித்தேன். முந்தையவற்றை நான் தொடக்கூடாது. அவை இன்றும் கோப்பில் இருக்கின்றன: நல்லா கீறேன், நல்லா கீறேன்.