மனைவியின் கையில் கட்டிய கடிகாரம்

இரண்டு வருடத்துக்கு முன்பு நடந்தது. அப்போதும் நான் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேன் மடவளையில் கடை வைத்திருக்கும் ஒருவருடையது. ஒரு நாள் காலை பாலத்தில் வாகனங்கள் நகராமல் நின்றபோது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். பின்னால் அடித்த ஹோர்ன் சத்தத்தில்தான் விழித்தேன். வேனில் இருந்த ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிட, மாலைக்குள் விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

திட்டு வாங்கத் தயாராகப் போனேன். அவரோ டுபாயிலிருக்கும் மகன் அனுப்பிய ஒரு கடிகாரத்தை நீட்டினார். தூக்கத்தையும் மூச்சையும் அளக்குமாம். அதற்கான ஆப்பையும் என் போனில் போட்டுத் தந்தார்.

“பத்து நாளைக்கி கட்டிக்கிட்டுத் தூங்குங்க. பொறவு டொக்டர்ட்ட காட்டுவோம். வேன்ல ஈக்கிறது ஊரார் புள்ளைகள்” என்றார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு டிரைவரின் தூக்கத்தில் முதலாளிக்கு இத்தனை கரிசனம் எதற்கு? என் மடியிலும் கனம் இருந்தது. இரவில் வேறு வாகனம் ஓட்டக்கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தும், பதினொரு மணி வரை மச்சானின் ஓட்டோவைத் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிகாரம் அதைக் காட்டிக்கொடுத்தால் வேலை போய்விடும். நாங்கள் பேசுவதையும் அது கேட்குமோ என்ற பயம் வேறு. அதை அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் மனைவியிடம் விஷயத்தையே சொன்னேன்!

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. தூக்கத்தில் என் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. படுத்தவுடன் குறட்டை. பகலில்கூட போஞ்சி நறுக்கிக்கொண்டே கதிரையில் சாய்ந்துவிடுவாள். விடிந்தால் தலைவலி என்பாள். என்னைத் தேநீர் போடவைக்க நடிக்கிறாள் என்பது என் நெடுநாள் சந்தேகம். இப்படித் தூங்குகிறவள் கையில் கட்டினால் ரிப்போர்ட் பிரமாதமாக வராதா?

“பொய் சொல்லித்தான் வேல பாக்கணுமாங்க?” என்று கேட்டாள். ஆனாலும் எனக்காகக் கட்டிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து டொக்டரிடம் போனேன். முதலாளியும் கூடவே வந்தார். போனைப் பார்க்கப் பார்க்க டொக்டரின் முகம் மாறியது. தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிற மாதிரித் தெரிகிறது, இரத்தத்தில் ஒக்சிஜன் இறங்குகிறது, கடிகாரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் சோதிக்கும்வரை வேனைத் தொடாதீர்கள் என்றார். இருவரும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆத்திரத்தில் வாய் முந்திவிட்டது.

“இது என் தூக்கமே இல்ல சேர். என் சம்சாரத்தோடது!”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. டொக்டர் கோபப்படவில்லை. என் மனைவிக்குப் பகலில் தூக்கம் தூக்கமாக வருமா, காலையில் தலை வலிக்குமா என்று கேட்டார். இரண்டுக்கும் தலையாட்டினேன். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று அதுவரை நம்பியிருந்த முட்டாள் நான்.

முதலாளிதான் என் தோளைத் தட்டினார். “என்ன ஏமாத்தினத பொறவு பேசுவோம். மொதல்ல போய் மனிசியக் கூட்டிக்கிட்டு வாங்க.”

ஆஸ்பத்திரிச் சோதனையும் அதையேதான் சொன்னது. இன்னும் கவனிக்காமல் விட்டிருந்தால் இருதயத்தைப் பாதித்திருக்கலாம் என்றார்கள். இப்போது அவள் முகத்தில் மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு தூங்குகிறாள். பகலில் சாய்வதில்லை. இரவில் ஓட்டோ ஓட்டியதையும் முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன்; விடச் சொன்னார், விட்டுவிட்டேன். வேன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“தலவலின்னு நான் எத்தன நாள் சொன்னேன், நம்பல. இந்தக் கடிகாரம் சொன்னதும் நம்பிட்டீங்க, இல்ல?”

யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற என் குணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் எப்போதாவது காலையில் அவள் தன் நெற்றியில் கை வைத்தால், நிஜமா என்று கேட்காமல் எழுந்துபோய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன்.