அளவுப் பலகைக்கு வராத மீன்கள்

மீன் பிடிப்பவர் மீனைக் காட்டினால் போதும்; மீன் அளப்பவன் காரணமும் காட்ட வேண்டும். அரசாங்கச் சம்பளத்துக்கு எதையாவது அளந்து எழுதியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூர்க் கரையில் எனக்கு அதுதான் வேலை. கட்டுமரங்கள் கரையேறியதும் என்னென்ன மீன் வந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றையும் அளவுப் பலகையில் வைத்து நீளத்தை நோட்டில் எழுதுவேன். மாதாமாதம் நீளம் கூடுவதை வைத்து, மீன் வளரும் வேகத்தையும் வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

வளராத காணாங்கெளுத்தி

ஒரு வருஷம் கார்த்திகைப் புயலுக்குப் பிறகு என் நோட்டில் காணாங்கெளுத்தி மீன் வளர்வதை நிறுத்திக்கொண்டது. ஏழு அங்குலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. ராயபுரத்தில் அளந்த நண்பருக்கு ஒன்பது அங்குலம் சர்வசாதாரணமாகக் கிடைத்தது. பலகையை மாற்றிப் பார்த்தேன், மூக்குக் கண்ணாடியையும் மாற்றிப் பார்த்தேன். ஆடி பிறந்தும் அதே கதைதான். மேலதிகாரி இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவர் கடல் வேற, உம்ம கடல் வேறயா? இல்ல, வீட்ல உக்காந்து எழுதறீரா?" என்றார்.

ஈரச் சாக்கு

மறுநாள் மரங்கள் கரையேறும் முன்பே போய்விட்டேன். ஒவ்வொரு மரத்திலிருந்தும் பெரிய காணாங்கெளுத்திகளை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்து, ஓர் ஈரச் சாக்குக்கு அடியில் தள்ளினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு மாதமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறார்களே!

குப்பத்துப் பெரியவர் சின்னக்கண்ணு என்னைத் தனியாக அழைத்துப் போனார். அந்த மீன் பூங்காவனத்துக்காம். அவள் புருஷன் கார்த்திகைப் புயலில் போனவன். உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. கடல் கொண்டுபோனவன் வீட்டுக்கு ஒரு வருஷம் வரை, கிடைத்ததில் பெரியதைக் கொடுப்பது அந்தக் குப்பத்து வழக்கம். "அதை ஏன் என்னிடம் மறைக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"உன் நோட்டுல ஏறிட்ச்சின்னா அது சர்க்காரு மீனு நைனா. அப்பால அவ பங்குல கை வெச்சீங்கன்னா நாங்க இன்னா பண்றது?"

வயசு

அந்த மீனையாவது அளக்கலாம் என்று பலகையோடு அவருடன் பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனேன். அப்பன் போன பிறகு பிறந்த குழந்தை, தூளியில் அழுதுகொண்டிருந்தது. வரும் மீனையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு அவள் வெறும் கஞ்சியும் உப்புமாகச் சாப்பிடுகிறாள், பால் வற்றிக்கொண்டிருக்கிறது என்று சின்னக்கண்ணு வழியில் சொல்லியிருந்தார். ஏனம்மா என்று கேட்டேன்.

"ஒடம்பு கரைக்கு வர்ல சார். எந்த மீனு வாய்ல போச்சோ, யாரு கண்டா? நான் எப்டி துன்றது?" என்றாள். அவளுக்குக் கொண்டுவந்த மீனில் ஒன்றை அளந்தேன். ஒன்பது அங்குலம். "நீ மீனுக்கு வயசு சொல்வியாமே. இதுக்கு இன்னா வயசு?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "ஒன்றரை வருஷம் இருக்கும்" என்றேன். மீனைத் தள்ளி வைத்துவிட்டாள்.

என் பையில் அலுவலகத்துக்கு எடுத்துப்போக வைத்திருந்த பொடிக் காணாங்கெளுத்திகள் இருந்தன. ஒன்றைப் பலகையில் வைத்தேன். நான்கு அங்குலம்கூட இல்லை. "இதற்கு ஆறு மாதம் ஆகியிருக்காதும்மா" என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப கார்த்திகைக்கு அப்பால பொறந்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அந்த மீனைக் கையில் எடுத்துக்கொண்டு சின்னக்கண்ணுவிடம் சொன்னாள்:

"கோச்சிக்காத மாமா, எனக்கு இனிமே பொடிசாவே குடுங்க. இதுங்க அவரப் பாத்துருக்காது. இத்த துன்றேன்."

அடுத்த மாதம் பெரிய காணாங்கெளுத்திகள் என் பலகைக்கு வந்து சேர்ந்தன. மீன் திடீரென்று வளர்ந்ததற்குக் காரணம் கேட்டு வந்த தாளில் "ஆடி மாதத்து நீரோட்டம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், என் உத்தியோகத்தில் அளக்காமல் எழுதியது அது ஒன்றுதான்.