பன்னிரண்டரைக்கு எழுதிய மூன்று மணி ரீடிங்

கோடவுனில் ஒன்பது டிரம், உள்ளே கூழ் புளித்துப்போய், உப்பி நின்றன. காரணம் எனக்குத் தெரியும்.

புத்தலப்பட்டுப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் குவாலிட்டி இன்சார்ஜாக இருந்து போன வருஷம் ரிடையர் ஆனேன். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

கூழை டிரம்மில் அடைக்கும் முன் நல்ல சூட்டில் ஓட்டிக் கிருமியைக் கொல்வோம். ஆபரேட்டர் மணிக்கொரு தரம் சூட்டைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். விஜயபுரத்திலிருந்து வரும் முனிரத்தினம்தான் ஆபரேட்டர். சீசனில் ஒரு நாள் பன்னிரண்டரைக்குப் போய்ப் பார்க்கிறேன், மூன்று மணி வரைக்கும் ரீடிங் எழுதிவைத்துவிட்டு ஆள் சாப்பிடப் போயிருக்கிறான். எங்கள் லைனில் இது புதிதில்லை. கட்டம் நிரம்பியிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ரூல்படி பேட்ச்சை நிறுத்தி மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின ஞாயிறுதான் பாஸ்டர் இயேசுவின் போதனை ஒன்றை விளக்கியிருந்தார். சகோதரன் உனக்குத் தப்புச் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல். கேட்காவிட்டால் ஓரிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குச் சொல். ஆலயத்தில் கேட்டதை வேலையிலும் செய்து காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு.

அவன் வந்ததும் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னா முனிரத்தினம் இது?"

"மன்னிச்சிடுக்கா. பசி தாங்கல, துன்னுட்டு வரலாம்னு எழுதிட்டேன். இனிமே பண்ண மாட்டேன்."

மன்னித்துவிட்டேன். மனசு குளிர்ந்துபோய் ஜெபம்கூடச் செய்தேன். அவன் சாப்பிடப் போயிருந்தபோது கரெண்ட் போய் வந்து சூடு இறங்கியிருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. பேட்ச்சை நிறுத்திச் சோதித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

டிரம் உப்பியபின், கரெண்ட் போன நேரத்தை ஷீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு மேனேஜர் கேட்டார். அதே பேட்ச்சில் மீதி டிரம்கள் அதற்குள் வெளியே போய்விட்டிருந்தன. அவருக்குத் தெலுங்குதான் முன்னே வரும். "சூடம்மா, இங்க பாரும்மா, ஷீட்டு விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

எனக்கு ஒரு மெமோ. முனிரத்தினத்துக்கு வேலையே போனது. கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவன் கோபப்படக்கூட இல்லை.

"அன்னிக்கே சார்கிட்ட சொல்லியிருந்தா திட்டு வாங்கிக்கினு போயிருப்பேன்க்கா. கூழும் வெளிய போயிருக்காது. நீ நல்லதுன்னு நெனச்சிதான் பண்ணே, எனுக்குத் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்றைக்கும் குத்துகிறது. நான் கீழ்ப்படிந்தேனா, பொல்லாப்புக்குப் பயந்து போதனையின் பின்னால் ஒளிந்துகொண்டேனா? பாஸ்டரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் யோசிக்கிறார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அந்தப் போதனை எனக்குத் தப்புச் செய்தவனைப் பற்றியது. முனிரத்தினம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கூழைக் குடிக்கப்போகிறவர்களுக்குத்தான் செய்தான். அவர்களுக்குப் பதிலாக மன்னிக்க என்னை யார் கேட்டார்கள்?

முதலில் பேட்ச்சை நிறுத்துங்கள், பிறகு ஆளிடம் தனியாகப் பேசுங்கள். உங்களுக்குச் சொல்வது சுலபமாக இருக்கிறது. அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.