முள் இல்லாத மீன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கொல்கத்தாத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வேதவல்லி மேடம் காலமான செய்தி வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தியோடு ஒரு படமும் இருந்தது: சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பொன்னிறமாக வறுத்த மீன் துண்டு. கீழே 'ஓம் சாந்தி'. பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத ஒருவருக்கு இப்படி ஓர் அஞ்சலி! குழுவில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நகரம் அவரை அறிந்ததே அந்தப் படத்தின் வழியாகத்தான். அவரை அறியாதவர்களுக்காகவும், அறிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அவரும் நானும் ஒரே அரசு அலுவலகத்தில், ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். அவர் எனக்கு மேலதிகாரி. தஞ்சாவூர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். திருமணம் செய்துகொள்ளவில்லை. லேக் கார்டன்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். வங்காளிகளே பொறாமைப்படும்படி வங்க மொழி பேசுவார்.

ஓய்வு பெற்ற மறு வருடம், துர்கா பூஜைப் பந்தலில் பிரசாத வரிசையில் நின்றவரை ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் பார்த்தார். கடுகெண்ணெய் விளம்பரத்துக்கு அவர்களுக்கு ஒரு வங்காள அம்மா தேவைப்பட்டார். வங்காள அம்மாக்கள் பலரைப் பார்த்துவிட்டார்களாம். யாரும் போதுமான அளவு வங்காளியாக இல்லையாம்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"இத்தன வருஷம் ஆபீஸ்ல என் மூஞ்சிய யாராவது நிமிர்ந்து பார்த்தேளா? இவா பாக்கறா. போய்த்தான் பாப்பமே, சீனு."

படப்பிடிப்பில் மீனைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். செட்டே கலங்கிப்போயிற்று. கடைசியில் சமையற்காரர் வாழைக்காயைச் சாய்வாக நறுக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரித்துக் கொடுத்தார். கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேடம் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொன்னார்: "நீ சாப்பிடு. உன் இதயத்தை இந்த எண்ணெய் பார்த்துக்கொள்ளும்." படப்பிடிப்பு விவரம் எதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு வாழைக்காய், ராணுவ ரகசியத்தின் அந்தஸ்தை அடைந்தது. எனக்கு மட்டும் சொன்னார்.

விளம்பரம் வந்தது. மீன் கடைக்காரர் தெருவிலேயே மறித்து, சித்தி முறை வைத்து, "மாசிமா, உங்களுக்குன்னே ஒரு இலிஷ் மீன் எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். நம் தமிழ்ச் சங்கத்து நவராத்திரியிலோ இரண்டு மாமிகள் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அந்த வருடம் சுண்டல் செய்யும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேடம் இரண்டையும் சிரித்துக்கொண்டே ஏற்றார்.

சிரிப்பு நின்றது மாடிப்படியில். கீழ்வீட்டு நிர்மல்தா, அதாவது நிர்மல் அண்ணன், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர். அவர் மனைவி ஷிப்ரா மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தீதி, அவர் மாத்திரைய நிறுத்திட்டார். கேட்டா, மாடி வீட்டு தீதி சொல்றாங்களே, எண்ணெய் பார்த்துக்கும்னு. அவங்க பொய் சொல்வாங்களான்னு கேக்கறார்."

மேடம் அப்போதே உள்ளே போய், அது வெறும் வசனம், எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்றார்.

நிர்மல்தா சிரித்தார். "உங்களுக்கு எப்பவுமே அடக்கம், தீதி. நான்தான் கண்ணால பார்த்தேனே, டிவில!"

அன்று மாலை மேடம் எனக்குப் போன் செய்தார். "நேர்ல நின்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கறார். டிவில சொன்னதத்தான் நம்பறார். அப்ப டிவிலதான் போய்ச் சொல்லணும்."

சொன்னார். ஒரு சேனல் பேட்டி எடுத்தது. "இதயநோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேளுங்கள், எண்ணெயைக் கேட்காதீர்கள்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒளிபரப்பில் கடுகு தாளிக்கும் பக்குவம் மட்டும் வந்தது. நிர்மல்தா அதையும் பார்த்துவிட்டு, "அருமையான பேட்டி" என்று பாராட்டினார். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே கிடந்தது.

அடுத்த சில வாரங்களில் இன்னொரு சேனல் காலை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டது. மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நேரடி ஒளிபரப்பா?" ஆமாம் என்றார்கள். ஒப்பந்தத்தை நினைவுபடுத்தினேன். "வக்கீல் நோட்டீஸ் வந்தா வரட்டும். அவருக்கு ஏதாவது வந்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். துணைக்கு நானும் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

தொகுப்பாளினி ஒரு தட்டில் பொரித்த மீனை நீட்டி, "மாசிமா, நேயர்களுக்காக ஒரே ஒரு வாய்!" என்று கொஞ்சினார்.

"வேண்டாம்மா. நான் மீன் சாப்பிட்டதே இல்ல. விளம்பரத்துல சாப்பிட்டது வாழைக்காய். அந்த எண்ணெய் இதயத்தப் பாத்துக்குமான்னும் எனக்குத் தெரியாது. நிர்மல்தா, நீங்க பாக்கறேள்னு தெரியும். மாத்திரையப் போட்டுக்கோங்கோ."

'நிர்மல்தா' வரை வங்க மொழியில் பேசியவர், பதற்றத்தில் மீதியைத் தமிழில் சொல்லிவிட்டார். உடனே சுதாரித்துக்கொண்டு வங்க மொழியில் மறுபடி சொன்னார். தொகுப்பாளினியின் புன்னகை அப்படியே உறைந்திருந்தது. விளம்பர இடைவேளை அறிவிக்கப்பட்டது. இடைவேளையில் முதலில் வந்தது அதே கடுகெண்ணெய் விளம்பரம்.

அப்போது கீழ்வீட்டில் நடந்ததை ஷிப்ரா பிறகு சொன்னார். நிர்மல்தா எழுந்து போய் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாராம். "அரே! முள்ளே எடுக்கல! கடக் கடக்னு கடிச்சு முழுங்கறாங்க! இத்தன நாளா நான் எதப் பார்த்தேன்?" ஒரு வங்காளி, மீன் சாப்பிடும் காட்சியைப் பலமுறை பார்த்தும் முள்ளைத் தேடாமல் இருந்திருக்கிறார். விளம்பரத்தின் ஆற்றலுக்கு இதைவிட நற்சான்று கிடையாது. பிறகு, "ஷிப்ரா, மாத்திரைய எடு" என்றாராம்.

நோட்டீஸ் வந்தது, பதில் போனது, பிறகு ஏனோ கம்பெனி மௌனமாகிவிட்டது. விளம்பரமும் நின்றது. சங்கத்து மாமிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்றார்கள். மீன் கடைக்காரர், "மாசிமா, வாழைக்காய்க் கடை அந்தப் பக்கம்!" என்று கடைசிவரை கேலி செய்தார். மேடத்தின் வீட்டு வளாகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது: டிவியில் எது வந்தாலும், அது உண்மையில் என்னவாக இருக்கும் என்று ஊகிப்பது. நடுவர் மேடம்தான். "எதையும் நம்பாதேன்னு நான் சொல்லல. முள்ளு எங்கேன்னு மட்டும் கேளு" என்பார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி போன மாதம் தன் பள்ளிக்கு வந்த பிரமுகரிடம் கேட்ட கேள்விக்கு, அவர் இன்னும் பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மேடத்தைக் கீழே இறக்கினோம். அண்ணன் மகனோடு அக்கம்பக்கத்தார் தோள் கொடுத்தார்கள். முதல் ஆளாக நிர்மல்தா வந்து நின்றார். நான் பதறினேன். "நிர்மல்தா, உங்களுக்கு வேண்டாம்."

"டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வந்தேன். தரைத்தளத்துலேர்ந்து வாசல் வரைக்கும் தூக்கலாம்னார்."

தரைத்தளத்திலிருந்து வாசல் வரை தூக்கினார். அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்கவில்லை. தோளை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, சீரான மூச்சோடு, வண்டி தெருமுனை திரும்பும் வரை கைகூப்பி நின்றார்.

போய்வாருங்கள், மேடம்.