நான் எடுக்கச் சொல்லும்வரை

புதுச்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஊசி போடுவதில் என்னைவிட வேகமான கை உள்ள நோயாளி ஒருவர் எனக்கு உண்டு. கோழிப்பண்ணையில் தடுப்பூசி போடும் அக்கா.

போன வருடம் ஒரே ஒரு குளவி கொட்டியதற்கு அவருக்கு முகம் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்ததே பெரும்பாடு. மறுபடி கொட்டினால் உடனே தொடையில் குத்திக்கொள்ள டாக்டர் ஒரு பேனா ஊசி வரவழைத்துக் கொடுத்தார். பழக்கிவிடுவது என் வேலை.

அக்கா அதைப் பண்ணை ஃப்ரிட்ஜில், கோழி மருந்தோடு பத்திரமாக வைத்துவிட்டார்.

"குளவி கொட்டுனா ஃப்ரிட்ஜையா தேடி ஓடுவீங்க?" என்று கத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

"சீலையில பை இல்லீங்களே."

வேலை செய்யும்போது சேலைமேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையைத்தான் மாட்டுவார். அந்தச் சட்டைப் பைக்கு ஒரு மூடி தைத்தோம். பேனா அங்கே குடியேறியது.

அடுத்த தகராறு, குத்துகிற விதம். கோழிக்குப் பழகிய கை சடக்கென்று குத்தும், சடக்கென்று எடுக்கும். இந்தப் பேனாவையோ தொடையில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊசியில்லாத பயிற்சிப் பேனாவைக் கொடுத்தால் கண் சிமிட்டுவதற்குள் எடுத்துவிடுவார்.

"ஏனுங்க, இத்தன நேரத்துல ஒரு கூண்டுக் கோழிய முடிச்சிருவனுங்க!"

"நீங்க கோழி இல்லீங்க. நான் எடுங்கன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. குத்துன கையோட இங்க வந்தரணும்."

வரும்போதெல்லாம் இதே கூத்து. வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

போன மாதம் ஒரு மத்தியானம், முட்டை வேன் ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. பின்னால் முட்டை அட்டைகளுக்கு நடுவே அக்கா படுத்திருந்தார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் முகம் வீங்கியிருந்தது, உடம்பு நடுங்கியது, ஆனால் மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. வலது கை பேனாவைத் தொடையில் அழுத்திப் பிடித்தபடியே இருந்தது.

"கொட்டுன உடனே குத்திக்கிட்டாளுங்க," என்றார் கூட வந்த வீட்டுக்காரர். "ஆனா வழி பூரா எடு எடுங்கறேன், கேக்க மாட்டீங்கறா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இன்னும் சொல்லலீங்களே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எடுங்க சாமி," என்றேன்.